லாபம் வராத வண்டியில் பொன்முடிக்கு

என் மகள் கயல் பேங்க் வேலையை விட்டுவிட்டு லாபமே வராத ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, எனக்குக் கோபத்துக்கு முன்னால் பாசம்தான் வந்தது. நானும் முப்பது வருடம் லாபமே வராத இடத்தில்தான் வேலை பார்த்தேன். மதுரையில் அரசு பஸ் டிப்போவின் கணக்குப் பிரிவு. வருடா வருடம் நஷ்டக் கணக்கை எழுதி மேலே அனுப்பி, பேப்பரில் திட்டு வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றேன். ஒரே வித்தியாசம், எங்கள் நஷ்டத்துக்குப் பெயர் நிர்வாகச் சீர்கேடு. அவள் கம்பெனியின் நஷ்டத்துக்குப் பெயர் வளர்ச்சி.

கம்பெனி இருப்பது திருவனந்தபுரத்தில். பெயர் 'போகாம்'. மலையாளத்தில் 'போகலாம்' என்று பொருளாம். மதுரையில் 'போகாம' என்றால் போகாமல். போக்குவரத்துக் கம்பெனிக்கு இப்படிப் பெயர் வைத்தவன் எல்லைக்கு இந்தப் பக்கம் யாரையும் கேட்கவில்லை என்று தெரிந்தது. செல்போனில் கூப்பிட்டால் கூப்பிட்ட தெருவுக்கே பேட்டரியில் ஓடுகிற ஒரு வேன் வந்து, வழியில் நாலு பேரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் இதற்கு ஷேர் ஆட்டோ என்று பெயர்.

கயலுக்குச் சம்பளத்தில் பாதி காசு, பாதி கம்பெனியின் பங்கு.

"நூறு கோடி மதிப்புள்ள கம்பெனிம்மா" என்றாள் போனில்.

"மதிப்பு யாரு போட்டது?"

"பணம் போடுறவங்கதான்."

"வாங்குறவனே வெல சொல்றானா? வெளங்கும்."

என் வீட்டுக்காரர், "சண்டை போடாம பார்த்துட்டு வா. முடிஞ்சா கூட்டிட்டு வந்துரு" என்று ரயில் ஏற்றிவிட்டார். இரண்டாவது பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியதும் கயல் போன் செய்தாள். "மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன்மா. நம்ம வண்டியவே உனக்கு புக் பண்ணிட்டேன். ரெண்டு நிமிஷத்துல வந்துரும்." அவள் அனுப்பியதைத் திறந்தால் வரைபடத்தில் ஒரு பச்சை வேன் பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு டீ குடித்தேன். இன்னும் ரெண்டு நிமிஷம். உள்ளிவடை தின்றேன். ரெண்டு நிமிஷம். டிரைவர் கூப்பிட்டு, "சேச்சி, எவிடெயா நில்க்குன்னது?" என்றான். ஸ்டேஷன் வாசலில் என்றேன். தானும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்பதாகச் சொன்னான். ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல். நூறு கோடியில் அந்தத் தகவல் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. எதிரே வந்து நின்ற அரசு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் மானம் போயிற்று. எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, கையை நீட்டினால் சும்மா டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். பழக்க தோஷத்தில், "கிழக்கே கோட்டை" என்று வெறுங்கையை நீட்டினேன். கண்டக்டர் ஒரு இளம்பெண். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். பின் சீட்டுக்காரர் ஒருவர் எனக்காக வாதாடினார்: "தமிழ்நாட்டிலிருந்து வருகிறார். அங்கே பெண்களுக்கு இலவசம்." உடனே பஸ்ஸே சட்டசபை ஆகிவிட்டது. இலவசம் கொடுத்தால் கஜானா காலியாகிவிடும் என்றார் வேட்டி கட்டிய பெரியவர். "இலவசம் கொடுக்காமலே காலியாகத்தானே கிடக்கிறது, நாங்களும் சும்மா ஏறினால் என்ன?" என்று நர்ஸ் உடையில் இருந்த பெண் திருப்பிக் கேட்டாள். கண்டக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விவாதம் நடக்கட்டும். சேச்சி டிக்கெட் எடுக்கணும்" என்றாள். எடுத்தேன்.

கயல் கோட்டைக்குப் பக்கம் ஸ்ரீவராகத்தில் பாகீரதி மாமி வீட்டு மாடியில் குடியிருந்தாள். மாமியின் முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோயில் வேலைக்கு வந்தவர்களாம். "வாங்கோ வாங்கோ. அந்தப் பச்சை வண்டிக்குக் காத்துண்டு நின்னேளோ?" என்றுதான் வரவேற்றாள். "நானும் ஒரு தரம் அதில ஆஸ்பத்திரிக்குப் போனேன், கேட்டேளா. மூணு பேரை ஏத்தி இறக்கி, நான் பிறந்த ஊர்ல நான் பார்க்காத தெருவெல்லாம் காட்டித் தந்தான். சுகமில்லாதவாளுக்குச் சரிப்படாது. ஊர் சுத்திப் பார்க்கணும்னா நன்னாயிருக்கும்." பேசிக்கொண்டே இலையில் போளியை வைத்து அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றினாள். இனிப்பின் மேல் இனிப்பு. எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் பரிமாறுகிறவன் கண்ணை டாக்டரிடம் காட்டச் சொல்வோம். மூன்று போளி தின்றேன்.

சாயங்காலம் வந்த கயலைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவள், களை பறித்துவிட்டு வந்தவள் மாதிரி கறுத்திருந்தாள். கேட்டதற்கு, "மலைக்குப் போவேன்மா அப்பப்ப. பொன்முடி ரூட்டு என்னோடது" என்றாள். 'என்னோடது' என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பேங்கில் எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் கழக்கூட்டம் பக்கம் அவள் ஆபீஸுக்குப் போனேன். நாற்காலிக்குப் பதிலாகத் தரையில் மூட்டைகள் கிடந்தன. அதில் ஒன்றில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்காருவது சுலபமாக இருந்தது, எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முதலாளி ஜிதினுக்கு முப்பது வயதிருக்கலாம். நல்ல பிள்ளை, காலில் செருப்பில்லை, சினிமா பார்த்துக் கற்ற தமிழ்.

"நமக்கு ஒரு வண்டி கூட ஸ்வந்தமா இல்ல, ஆன்ட்டி. அதாணு பியூட்டி. வண்டி லீஸ், டிரைவர் கான்ட்ராக்ட்."

"அப்ப நூறு கோடி எதுக்கு?"

"டேட்டா! ஆளுங்க எப்போ, எவிடெ போகும்னு நமக்கு முன்னாடியே அறியும்."

"நேத்து நான் ஸ்டேஷன் வாசல்ல நின்னது அறியலையே?"

கொஞ்சமும் அசரவில்லை. சுவர்த் திரையில் ஒரு படத்தைப் போட்டான். நகரத்தில் மெஷினின் கணிப்பு அங்கங்கே தவறுகிறதாம், ஆனால் பொன்முடி எஸ்டேட் ரூட்டில் இன்றைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறதாம். "மலையில் மெஷின் எத்தர நன்னாப் படிச்சிருக்கு பாருங்க! நம்முடெ வேல்யூவே இதாணு." கயல் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் ஜிதினுக்கு முகம் மலர்ந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து முதலீட்டாளர் ஒருவர் வருகிறார், மலை ரூட்டைப் பார்க்கிறார், பணம் போடலாமா என்று அங்கேயே முடிவு செய்வார். இந்தப் பணம் வராவிட்டால் இரண்டு மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். "ஆன்ட்டியும் வரணும். அரசு பஸ் ஆளு நல்ல வார்த்தை ஒண்ணு சொன்னா மதி, அது போதும்."

திரும்பி வரும்போது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்ல வேணாம்மா. கேட்டா சுருக்கமா சொல்லு. அது போதும்."

முதலீட்டாளர் பெயர் மூர்த்தி. பூர்வீகம் சேலம். ஓடப் போகிறவர் மாதிரி ஷூ போட்டிருந்தாரே தவிர ஓடுகிற ஆளாகத் தெரியவில்லை. வண்டி ஓட்டியது சஜி, மலையடிவாரத்து விதுராக்காரர். விதுராவில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். மூர்த்தி புட்டைக் கத்தியால் வெட்ட முயன்றதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் புட்டு தன்னை ஞாபகப்படுத்தியது. பாதி மலையில் போனில் சிக்னல் போயிற்று, முக்கால் மலையில் மூடுபனியில் ரோடே போயிற்று.

வண்டித் திரையில், மேலே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பத்துப் பேர் ஏறுவார்கள் என்று எழுதியிருந்தது. ஜிதின் அதை மூர்த்திக்கு இரண்டு தடவை காட்டினான். லயத்தை நெருங்கியதும் பனிக்குள்ளிருந்து குடைகள் வந்தன, குடைகளுக்குக் கீழே பெண்கள், விதுரா சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள். ஜிதின் எண்ணிப் பார்த்து, "டென் பிளஸ் டூ! எத்தர கிட்டெ வந்திருக்கு, சார்!" என்று கூவினான். மூர்த்தி முதல் முறையாகச் சிக்னல் இல்லாத போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

முதலில் ஏறிய அம்மாள், நல்ல கனத்த சாரீரம், பலாப்பழ மூட்டையை என் காலில் இறக்கிவிட்டுக் கயலைப் பார்த்தாள். "கயலே, நேத்து போன்ல பத்துப் பேருன்னு சொன்னேன் இல்லே? இப்பம் பன்னெண்டாயி. அக்கா வருவா, அவ மோளும் வருவா. கொழப்பமில்லல்லோ?"

வண்டிக்குள் பனி புகுந்த மாதிரி இருந்தது.

"நேத்து போன்லயா?" என்றார் மூர்த்தி.

கயல் மறைக்கவில்லை. "ஆமா சார். மேல சிக்னல் கிடையாது. இவங்க போன்ல நம்ம ஆப்பும் கிடையாது. இந்தத் தங்கம்மாக்கா வீட்டுக்குப் பின்னாடி ஒரு மேட்டுல மட்டும் டவர் கிடைக்கும். தினம் சாயங்காலம் அக்கா அங்க வந்து நிப்பாங்க, நான் கூப்பிடுவேன். அவங்க சொல்ற ஆள் எண்ணிக்கைய நான்தான் உள்ள போடுறேன்."

"எப்பருந்து?"

"ஆரம்பத்துலருந்து."

நான் ஜிதினைப் பார்த்தேன். அவனுக்கு நிஜமாகவே தெரியாது. பூனைக்குட்டி என்று நினைத்து வளர்த்தது எலி என்று தெரிந்தவன் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் நன்றாகப் படித்த மெஷின் என் மகள்தான்.

தங்கம்மாவுக்கு இந்த மௌனமெல்லாம் உறைக்கவில்லை. மூர்த்தியின் ஷூவைப் பார்த்து அவர்தான் வண்டி முதலாளி என்று முடிவு செய்துவிட்டாள். "சாரே, ஞாயித்துக்கிழமையும் வண்டி விடணும். பஸ்ஸு வந்தா உண்டு, மழைன்னா அதுவும் இல்ல. இந்த வண்டி வந்த பின்னேயாக்கும் என் மோளு விதுராவுல தெனம் பள்ளிக்கொடம் போறது. முன்னே ஆழ்ச்சையில ரெண்டு நாளுதான்." வாரத்தில் இரண்டு நாள் என்கிறாள். மூர்த்தி தலையாட்டினார். பன்னிரண்டு பேர் ஏறியதில் அவருக்கு சீட் போய்விட்டது, ஆகவே ஒவ்வொரு வளைவிலும் கூரையில் முட்டி முட்டித் தலையாட்டினார். நூறு கோடிக்குச் சொந்தக்காரன் ஜிதின் பலாப்பழ மூட்டை மேல் உட்கார்ந்து வந்தான்.

இறக்கத்தில் ஒரு குழந்தை வாந்தி எடுத்ததால் டீக்கடையில் நிறுத்தினோம். மூர்த்தி கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே என்னிடம் வந்தார். "மேடம், நீங்க இந்தத் தொழில்ல இருந்தவங்க. இந்த ரூட்டு லாபம் தருமா?"

ஜிதின் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். கயல் தன் கிளாஸுக்குள் பார்த்தாள்.

"தராது" என்றேன். மகள் கேட்டபடி சுருக்கமாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது, நிறுத்த முடியவில்லை. "நான் பார்த்த வரைக்கும் டிக்கெட் காசுல மட்டும் எந்த ஊர் டவுன் பஸ்ஸும் ஓடல சார். தெருவிளக்குக் கம்பத்துல உண்டியலா கட்டி வச்சிருக்கோம்? ரோட்டுக்கும் தண்ணிக்கும் குடுக்குற மாதிரி வரிப்பணத்துல குடுத்தா ஓடும். குடுக்கலைன்னா நின்னுரும். இல்லன்னா இந்த மாதிரி பச்சை பெயின்ட் அடிச்சு, நஷ்டத்துக்கு வேற பேரு வச்சு, காசு தீர்ற வரைக்கும் ஓட்டலாம்."

டீக்கடைக்காரர் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மூர்த்தி சிரித்தார்.

"தெரியும் மேடம். நான் லாபத்தை வாங்க வரல. எங்கிட்டருந்து அதிக விலைக்கு வாங்கப்போற ஆளை நம்பி வாங்குறேன்."

"அந்த ஆளு?"

"அவருக்கு மேல ஒருத்தர் இருப்பாரு."

"எல்லாருக்கும் கடைசியா?"

"கடைசில ஷேர் மார்க்கெட். பொதுஜனம்தான்."

எனக்குத் தலை சுற்றியது, வளைவுகளால் அல்ல. ஆக எங்கள் நஷ்டத்தையும் பொதுஜனம்தான் கட்டினான், இவர்கள் நஷ்டத்தையும் அவன்தான் கட்டப்போகிறான். எங்களிடம் கட்டியபோது அவனுக்கு ஓட்டைக் கூரையோடாவது ஒரு பஸ் வந்தது.

விதுராவில் எல்லோரும் இறங்கிய பிறகு கயல் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "நீ உண்மையச் சொன்னதுக்குக் கோபமில்லம்மா. மூணு நாளா இங்க இருக்க. எல்லாரையும் கிண்டல் பண்ணுன. இந்த ரூட்ட நான் எப்படி ஓட்டுறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. திருவனந்தபுரம் வரை எதிரே வந்த அரசு பஸ்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். மூர்த்தி பணம் போட்டுவிட்டார். நான் சொன்னதையும் கேட்டு, மெஷினின் லட்சணத்தையும் பார்த்த பிறகு, கம்பெனியின் மதிப்பை இரண்டு மடங்காகப் போட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஏர்போர்ட்டிலிருந்து ஐடி கம்பெனிகள் வரைக்கும் மட்டும் வண்டி ஓடும். மலை வேண்டாம். பொதுஜனத்துக்கு மேடு பிடிக்காது போலிருக்கிறது.

"அப்ப தங்கம்மாக்கா?" என்றாள் கயல்.

"பின்னே நோக்காம்" என்றான் ஜிதின். அப்புறம் பார்க்கலாம் என்கிறான். அந்த வாக்கியத்தை நான் அரசாங்கத்திலேயே நிறைய கேட்டிருக்கிறேன், மலையாளத்தில் கொஞ்சம் இனிமையாக இருக்கிறது.

கயல் கேக் தட்டைக் கீழே வைத்தாள். "என் பங்கு முழுசையும் நீயே எடுத்துக்க. அந்த மலை வண்டியோட லீஸையும் பர்மிட்டையும் என் பேருக்கு மாத்திக் குடு."

"ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலிருந்தே அந்தப் பங்குக் காகிதத்தைக் கேலி செய்தவள் நான். மதிப்பு இரண்டு மடங்கு என்று காதில் விழுந்த நிமிடமே மனதுக்குள் மேலூர் ரோட்டில் ஒரு வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் பார்த்து வைத்திருந்தேன். "அடியே, அம்புட்டும் கோடிடி!"

"பேப்பர்ல கோடிம்மா. வாங்குறவனே சொன்ன வெல. நீதான சொன்ன?"

ஜிதின் அவள் மனம் மாறுவதற்குள் பேப்பரைத் தயார் செய்யச் சொன்னான். பாவம், கெட்டவன் இல்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும், "கயல், மெஷினுக்கு இனி யாரு படிப்பிக்கும்?" என்று கேட்டான். ஏர்போர்ட் ஓட்டம் போனால் சம்பளம் கூட வரும் என்று சொல்லியும் சஜி மலை வண்டியோடு இருந்துவிட்டார். வீடு விதுராவில், சம்பளத்துக்காகத் தினம் கழக்கூட்டம் வரை போய் வர முடியாது என்றார்.

நான் ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப் போட்டேன். அன்று சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து, "சரி, நீ எப்படி ஓட்டுறன்னு சொல்லு" என்று கேட்டேன். கயல் சொன்னாள். நிறைய சொன்னாள். மாமி இரண்டு தடவை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, மூன்றாவது தடவை தானும் உட்கார்ந்து கேட்டாள்.

விதுராவில் பஞ்சாயத்துத் தலைவியைப் பார்க்க இருவரும் போனோம். என்னைவிட இளையவர், காதில் பேனா சொருகியிருந்தார். கயல் மலையாளத்தில் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: இந்த வண்டி மாதா மாதம் நஷ்டத்தில்தான் ஓடும், அந்தத் துண்டு விழுகிற பணத்தைப் பஞ்சாயத்து கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று தலைவி கேட்டார். கயல் சொன்னாள். அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவுதானா? ஓணத்துக்குப் பந்தல் போட இதைவிட அதிகம் செலவழித்துவிட்டு, அந்தப் பந்தலுக்கு ஆள் வரவில்லை என்று அழுகிறோம்." ஆனால் கமிட்டியில் வைக்க வேண்டும், எதிர்க்கட்சிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், நாளாகும். அதுவரைக்கும் ஆபீஸ் பிளக்கில் வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அது அவர் அதிகாரத்தில் இருக்கிறது.

ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே விட்டோம். பென்ஷனுக்கு நின்றவர்கள் குனிந்து குனிந்து வழிவிட்டார்கள். வண்டி சார்ஜ் ஏறுகிற நேரத்தில் நானும் கயலும் ஆபீஸ் படியில் உட்கார்ந்து பழம்பொரி தின்றோம். அவள் கையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "அப்பாக்கு என்ன சொல்லப் போற?" என்றாள். சண்டை போடவில்லை என்று சொல்வேன் என்றேன்.

நாலு மணிக்குச் சந்தை முடிந்து பெண்கள் வந்தார்கள். தங்கம்மா, அவள் அக்கா, அக்காவின் தோழிகள் இருவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்கள். போனில் சொன்ன கணக்கு வழக்கம்போல் தப்பு. மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் எழுந்து வந்து கதவைப் பிடித்தேன். கயல் உள்ளே எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினாள்.

"எடமில்லம்மா" என்றாள். "நீ பின்னாடி பஸ்ல வா."

"பஸ் எப்ப?"

"தெரியாது."

அவள் ஏறியதும் கதவு சாத்திக்கொண்டது. சஜி ஒரு ஹாரன் அடித்தார். ஜன்னலில் நெரிந்துகொண்டிருந்த முகங்களில் ஒன்று கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்முடி ரோட்டில் வண்டி வளைந்து மறையும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். முப்பது வருட சர்வீஸில் ஒரு வண்டியைத் தவறவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.